வாக்குச்சீட்டுக்கு முன்னே வரட்டும் தீர்ப்பு

அனந்தபுரியில் வாழும் என் தமிழ்ச் சொந்தங்களே, தமிழ் கேட்டுப் புரிந்துகொள்ளும் மலையாளச் சகோதர சகோதரிகளே!

சாலைக் கடைத்தெருவில் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கரமனையிலிருந்தும் வலியசாலையிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு வந்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

2025 நவம்பரில் நம் திருவனந்தபுரம் மாநகராட்சியில், முட்டடா வார்டில் என்ன நடந்தது? வைஷ்ணா சுரேஷ் என்று ஒரு பெண். வயது 24. காங்கிரஸ் வேட்பாளர் என்று அறிவித்தாயிற்று. வீடு வீடாக ஓட்டுக் கேட்கவும் தொடங்கிவிட்டார். வார்டில் நிற்க வேண்டுமானால் மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். மார்க்சிஸ்ட் கட்சித் தரப்பிலிருந்து ஒரு புகார் போனது. பட்டியலில் இருக்கும் வீட்டு எண் சரியில்லை, அந்த முகவரியில் இவர் குடியிருக்கவில்லை என்பது புகார். நம் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் ஒட்டியிருக்கிறதே மாநகராட்சியின் டி.சி. வீட்டு எண், அந்த எண்ணில் வந்த சிக்கல்! துணைப் பட்டியல் வந்தபோது பெயரைக் காணோம். பெயர் இல்லை என்றால் வேட்புமனு இல்லை. மனு இல்லை என்றால் வேட்பாளர் இல்லை.

அந்தப் பெண் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வெறும் தொழில்நுட்பக் காரணத்துக்காக ஓர் இளம்பெண்ணின் வாய்ப்பைப் பறிக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. உடனே முடிவெடுக்கும்படி தேர்தல் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டது. நவம்பர் 19 அன்று பெயர் திரும்ப வந்தது. மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள் நவம்பர் 21. டிசம்பர் 9 அன்று ஓட்டுப்பதிவு. இடது முன்னணியின் கோட்டை என்று பேரெடுத்த வார்டில் அவரே ஜெயித்தார்.

நண்பர்களே, அவர் எந்தக் கட்சி என்பது எனக்குப் பொருட்டல்ல. நான் பார்ப்பது 19-க்கும் 21-க்கும் இடையில் இருந்த அந்த இரண்டு நாளை. உத்தரவு நான்கு நாள் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பரிசீலனை முடிந்திருக்கும். தேர்தல் முடிந்த பிறகு வழக்குப் போடுங்கள் என்று சட்டம் கையை விரித்திருக்கும். முட்டடா மக்கள் தாங்கள் ஜெயிக்கவைத்த பெண்ணின் பெயரை வாக்குப்பதிவு இயந்திரத்தில் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

இது மிகைப்பேச்சல்ல. 2021 சட்டமன்றத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். தலச்சேரியில் பாஜகவின் மாவட்டத் தலைவர் ஹரிதாஸ் மனு தள்ளுபடி. குருவாயூரில் அதே கட்சியின் மகளிர் அணித் தலைவர் நிவேதிதா மனு தள்ளுபடி. நம் தேவிகுளத்தில் அதே கூட்டணியின் அதிமுக வேட்பாளர் தனலட்சுமி மனு தள்ளுபடி. தலச்சேரியிலும் குருவாயூரிலும் காரணம் என்ன? கட்சித் தலைவர்கள் போட வேண்டிய கையெழுத்து படிவத்தில் இல்லை!

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஏ படிவம், பி படிவம் என்று இரண்டு தாள் வேண்டும். கையெழுத்துப் போட யாருக்கு அதிகாரம் என்று சொல்வது ஏ படிவம். எங்கள் வேட்பாளர் இவர்தான் என்று சொல்வது பி படிவம். இரண்டிலும் மையால் கையெழுத்திட வேண்டும், ரப்பர் முத்திரை செல்லாது, நகல் செல்லாது. கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் அதிகாரியின் மேசைக்கு வந்து சேர வேண்டும். 3 மணி தாண்டினால் அந்தக் கையெழுத்தைப் பிறகு போட்டும் பயனில்லை.

கையெழுத்தை விட்டது கட்சியின் அலட்சியம்தான். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய தேர்தலில் தலச்சேரியில் அந்தக் கட்சிக்கு விழுந்தது 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு. குருவாயூரில் 25 ஆயிரத்துக்கும் மேல். கட்சி அலுவலகத்தில் நடந்த தவறுக்கு இத்தனை ஆயிரம் வாக்காளர்களுக்கா தண்டனை? அந்த அரசியல் எனக்கு உடன்பாடில்லை. உடன்பாடில்லாத கட்சியை ஓட்டுப்போட்டுத் தோற்கடிக்க வேண்டும்; படிவத்தைக் காட்டித் தோற்கடிக்கக் கூடாது!

தள்ளுபடியை எதிர்த்து வேட்பாளர்கள் போட்ட வழக்குக்காக ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் உயர் நீதிமன்றம் சிறப்பாகக் கூடியது. மறுநாள் வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. வேட்புமனுக்களைத் தள்ளியது சரியா தவறா என்ற கேள்விக்குள் அது போகவில்லை. அரசியல் சட்டத்தின் 329-ஆவது பிரிவு தடுக்கிறது, தேர்தல் முடிந்ததும் தேர்தல் வழக்காகக் கொண்டுவாருங்கள் என்றது. ஞாயிற்றுக்கிழமை கூட முடிந்த நீதிமன்றத்துக்கு, அந்தக் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல அதிகாரம் இல்லை!

இந்தச் சட்டம் எங்கே உறுதியானது தெரியுமா? நம் தமிழ் மண்ணில் பிறந்த வழக்கில். முதல் பொதுத்தேர்தல். அன்றைய சேலம் மாவட்டத்து நாமக்கல் தொகுதி. பொன்னுசாமி என்பவரின் மனுவை 1951 நவம்பரில் அதிகாரி தள்ளினார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1952 ஜனவரியில் ஆறு நீதிபதிகள் சொன்னார்கள்: மனுத்தாக்கல் முதல் முடிவு அறிவிப்பு வரை எல்லாமே தேர்தல், நடுவில் நீதிமன்றம் கைவைக்க முடியாது.

தேர்தல் நின்றுவிடுமோ என்ற அச்சம் அன்றைக்கு நியாயமானது. புதிதாக விடுதலை பெற்ற நாடு. கோடிக்கணக்கானவர்கள் முதன்முதலாக ஓட்டுப்போடுகிறார்கள். தள்ளுபடியான ஒவ்வொருவரும் தடையுத்தரவு வாங்கினால் தேர்தலே நடக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுபது ஆண்டு கடந்தும் அதே பூட்டுத்தானா? பூட்டைத் திறந்தால் தேர்தல் நிற்கும் என்கிறார்கள். திறக்காததால் நீதி நிற்கிறதே, அதற்கு யார் பதில் சொல்வது?

தேர்தலுக்குப் பிறகு வழக்கு என்கிறார்களே, அந்தப் பிறகு எத்தனை நாள்? மறுபடி தேவிகுளத்துக்கு வாருங்கள். தேயிலைத் தோட்டத்துத் தமிழ் மக்களின் தனித்தொகுதி. 2021-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் ராஜா ஜெயித்தார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் குமார் வழக்குப் போட்டார். ராஜா கிறிஸ்தவர், தனித்தொகுதியில் நிற்கத் தகுதியில்லை, அவர் மனுவை ஏற்றதே தவறு என்பது வாதம். 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, ராஜாவின் வெற்றி செல்லும் என்றது. நான்கு ஆண்டு! பதவிக்காலமே ஐந்து ஆண்டு. தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86-ஆவது பிரிவு சொல்கிறது. கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்த பிறகு ஜாதகப் பொருத்தம் பார்க்கிற கதையாகிவிட்டது நம் தேர்தல் நீதி!

நம் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியிலேயே 2024-இல் பார்த்தோம். பாஜக வேட்பாளர் ராஜீவ் சந்திரசேகரின் பிரமாணப் பத்திரத்தில் சொத்து விவரம் முழுமையாக இல்லை என்று எதிர்த்தரப்புகள் புகார் கொடுத்தன. அவர் மறுத்தார். மனு ஏற்கப்பட்டது. உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கும் தள்ளுபடி. புகார் மெய்யா பொய்யா என்று ஒருவரும் தீர்த்துச் சொல்லாமலே நாம் வரிசையில் நின்று ஓட்டுப்போட்டோம். பொய் என்றால் அந்த வேட்பாளருக்கு அநீதி. மெய் என்றால் ஓட்டுப்போட்ட நமக்கு அநீதி.

இந்த ஓட்டையைக் கட்சிகள் நன்றாகக் கண்டுகொண்டன. 2024-இல் சூரத்தில் காங்கிரஸ் வேட்பாளரை முன்மொழிந்தவர்களே, அது எங்கள் கையெழுத்து இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மனு போயிற்று. மற்ற வேட்பாளர்கள் விலகினார்கள். ஏப்ரல் 22 அன்று பாஜக வேட்பாளர் போட்டியின்றி வென்றார். 16 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். பதிவான ஓட்டு ஒன்றுகூட இல்லை! 2017-இல் சென்னை ஆர்.கே. நகரில் நடிகர் விஷாலின் மனுவும் முன்மொழிந்தவர்களின் கையெழுத்துச் சர்ச்சையில்தான் விழுந்தது. ஏற்றோம் என்றார்கள், இரவில் இல்லை என்றார்கள்.

கட்சிக்குள்ளே நடப்பதையும் சொல்லாமல் விட மாட்டேன். பாலா தொகுதியில் 1965 முதல் சாகும்வரை கே.எம். மாணி ஜெயித்தார். அவர் மறைந்ததும் 2019 இடைத்தேர்தலில் அவர் கட்சியின் வேட்பாளர் ஜோஸ் டோமுக்கு இரட்டை இலை கிடைக்கவில்லை. கட்சிக்குள்ளேயே எதிர்த்து நின்ற ஜோசப் அணி கையெழுத்துக் கொடுக்க மறுத்தது. சுயேச்சையாக அன்னாசிப்பழச் சின்னத்தில் நின்று தோற்றார். அடுத்த ஆண்டு சின்னம் ஜோஸ் கே. மாணி அணிக்கு என்று தேர்தல் ஆணையம் சொன்னது. தமிழ்நாட்டில் அதிமுகவின் இரட்டை இலைக்கும் இதே கதி வந்தது. 2023 ஈரோடு கிழக்கில் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யும் வழியை உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சுவரெழுதுகிறார்கள், கொடி பிடிக்கிறார்கள். சின்னமோ ஒரு தலைவரின் பேனாமுனையில் கிடக்கிறது.

வேட்புமனுத் தகராறுகளை ஓட்டுப்பதிவுக்கு முன்கூட்டியே தீர்க்க முடியாதா? முடியும். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 2025 உள்ளாட்சித் தேர்தலில் பிறப்புச் சான்றிதழ் நகலைக் காரணம் காட்டிப் பல வேட்பாளர் பட்டியல்களைத் தள்ளினார்கள். கட்சிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. அவற்றில் பலவற்றை ஏற்கும்படி ஏப்ரலிலேயே உத்தரவு வந்தது. மே 6 அன்று ஓட்டுப்பதிவு நடந்தது. தேர்தலும் நிற்கவில்லை, நீதியும் நிற்கவில்லை.

ஆகவே, மூன்று கோரிக்கைகள்.

ஒன்று: விட்டுப்போன கையெழுத்து, நிரப்பாத கட்டம், தவறான எண் ஆகியவற்றைத் திருத்த ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும். சாரமில்லாத குறைக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. சாரமில்லாத குறை எவை என்று பட்டியல் போட்டு அதைக் கட்டாயமாக்குங்கள்.

இரண்டு: மனு விலக்கலுக்கும் ஓட்டுப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாள் சட்டமே வைத்திருக்கிறது. அதில் முதல் மூன்று நாளுக்குள், தள்ளிய மனுக்களையும் ஏற்ற மனுக்கள் மீதான புகார்களையும் தீர்த்துவைக்கத் தனித் தீர்ப்பாயம் வேண்டும். தடையுத்தரவு கிடையாது, வாய்தா கிடையாது. மூன்றாம் நாள் தீர்ப்பு.

மூன்று: அதற்குப் பிறகும் தேர்தல் வழக்கு வந்தால், ஆறு மாதம் என்பது முயற்சியாக இல்லாமல் கெடுவாக வேண்டும்.

இதற்கு அரசியல் சட்டத்தையும் தேர்தல் சட்டத்தையும் நாடாளுமன்றம் திருத்த வேண்டும். எந்தக் கட்சியும் தானாகச் செய்யாது. இன்று படிவத்தால் அடிபட்டவன் நாளை படிவத்தால் அடிக்கக் காத்திருக்கிறான். நாம்தான் கேட்க வேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவரிடம், சிவப்புக் கொடியோ, மூவர்ணமோ, காவியோ, இந்த மூன்று கோரிக்கையையும் நாடாளுமன்றத்தில் உங்கள் கட்சி எழுப்புமா என்று கேளுங்கள். எழுதி வாங்குங்கள். கையெழுத்தும் வாங்குங்கள். நம்மை யார் ஆள வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது நம் உரிமை. நம் முன்னால் யார் நிற்கலாம் என்பதை எதிர்க்கட்சியின் புகார்க் காகிதம் தீர்மானிக்க விடமாட்டோம்!