லைனில் இருக்கிறேன்

சென்னையை அடுத்த பென்னலூர் வழியாகக் காலைநேரத்தில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் பெண்ணிடம் என்ன வேலை என்று கேட்டால், "லைன்ல இருக்கேன்" என்பார். தொழிற்சாலையில் நகரும் வரிசையில் பொருள் வந்து நிற்க, ஒவ்வொருவரும் ஒரு வேலையை முடித்து அனுப்புகிறார்கள். ஹென்றி ஃபோர்டு 1913இல் கார் செய்யக் கொண்டுவந்த முறை இது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்களும் இப்படித்தான் உருவாகத் தொடங்கின.

போனில் "லைன்ல இருங்க" என்பது வேறு. மின்வாரிய லைன்மேன் பார்க்கும் லைன் வேறு. எல்லாவற்றுக்கும் மூலம், ஆளிச்செடி நாரில் திரித்த நூலைக் குறித்த லத்தீன் சொல்.

என் மனத்தை அழுத்துவது இன்னொரு பொருள். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அது 'லயன்'. ஒரே கூரையின்கீழ் தடுக்கப்பட்ட நீண்ட வரிசை, குடும்பத்துக்கு ஓர் அறை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கூலி வேலைக்குப் போனவர்களை அதில்தான் குடிவைத்தார்கள். அவர்கள் வழிவந்தவர்களில் பலர் இன்றும் லயனில்தான் வாழ்கிறார்கள். சொந்த நிலமும் தனி வீடும் வேண்டும் என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.