தேறலும் தேறுதலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னிடம் உரைத் தலைப்புக் கேட்டபோது, ‘கள்’ என்றேன். தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. பிறகு, ‘கள்ளுண்ணாமைதானே அம்மா?’ என்று தயக்கத்துடன் கேட்டார்கள். ‘இல்லை ஐயா, கள்ளேதான்’ என்றேன். தமிழ் கற்பிக்கும் ஒரு பெண் மேடையேறிக் கள்ளைப் பற்றிப் பேசலாமா என்ற அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால், நாம் கூடியிருக்கும் இவ்வூர் பழைய தகடூர். தகடூரில் நின்று அதியமானையும் ஔவையையும் பேசுகிறவர் கள்ளைத் தவிர்த்துவிட்டுப் பேச இயலாது.

சென்ற ஓராண்டாக எட்டுத்தொகையிலும் பத்துப்பாட்டிலும் வரும் பருகுபொருள்களை ஒவ்வொன்றாகச் சுவைத்து வந்தேன். நாவால் அன்று, ஏட்டால். அவற்றுள் எனக்கு இனித்தவையும் உண்டு. ஏமாற்றம் தந்தவையும் உண்டு. அவற்றை இன்று உங்கள்முன் வைக்கிறேன். இந்தத் தேடல் எதனால் தொடங்கியது என்பதை முடிவில் சொல்வேன்.

முதலில் பெயர்களைச் சுவைப்போம். கள், மட்டு, மகிழ், நறவு, பிழி, அரியல், தோப்பி, தேறல் என எத்தனை பெயர்கள்! பிழிந்தது பிழி. அரித்தது, அதாவது வடித்தது, அரியல். நறுமணம் உடையது நறவு. உண்டாரை மகிழ்விப்பது மகிழ். கலங்கல் அடங்கித் தெளிந்தது தேறல். ஒவ்வொரு பெயரிலும் ஒரு செய்கை இருக்கிறது. அச்செய்கைக்குப் பின்னால் ஒருவருடைய கையும் காத்திருப்பும் இருக்கின்றன. கொங்கு நாட்டில் பதநீரைத் ‘தெளுவு’ என்கிறார்கள். தேறலும் தெளுவும் தெளிவு என்னும் ஒரே பொருளை நாடி நிற்கும் சொற்கள். ஒன்று மயக்கும், மற்றொன்று மயக்காது. இறக்கும் பனையும் ஒன்று, கட்டும் கலயமும் ஒன்று. கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்புதான் இரண்டையும் வேறுபடுத்துகிறது.

எனக்கு இனித்தவற்றுள் முதலாவது தோப்பி. வீட்டில் அரிசி கொண்டு சமைத்த கள் அது. அரிசிக் கள் ஆக்கும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியிருப்பைக் காட்டுமிடத்தில் படிப்படியாகச் சொல்கிறது. நன்கு குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆறவைக்கிறார்கள். நெல்முளை அடையை அதனோடு கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய சாடியில் முதிரவிட்டு, வெந்நீர் வார்த்து விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். முளைகட்டிய தானியத்தால் மாவுப்பொருளை இனிப்பாக்கிப் புளிக்கவைக்கும் இம்முறையின் அடிப்படையில்தான் மேலைநாட்டார் இன்றும் பீர் ஆக்குகிறார்கள். அந்தப் பொதியாகிய அடைக்குப் புலவர் சொல்லும் உவமை புற்றாஞ்சோறு. கரையானின் புற்றை உடைத்துப் பார்த்தவருக்குத்தான் அந்த உவமை கிடைக்கும். அடுக்களையை எட்டிப் பார்த்த புலவர் ஒருவர் நமக்கு இருந்திருக்கிறார் என்பதே எனக்கு மகிழ்ச்சி.

இரண்டாவது, புறநானூற்றின் இருபத்து நான்காம் பாட்டில் மாங்குடி கிழார் காட்டும் கலவை. இன்று நகரத்து விடுதிகளில் பலவற்றைக் கலந்து ‘காக்டெய்ல்’ என்று தருகிறார்களே, அதற்கு நம் முன்னோடி இது. பனை நுங்கின் நீர், கரும்பின் சாறு, இளநீர் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கலந்து பருகிவிட்டு மகளிர் கடலில் பாய்கிறார்கள். மூன்று நீரையும் உண்டு முந்நீரில் பாய்ந்தார்கள் என்று புலவர் சொல்லை வைத்து விளையாடுகிறார். இதில் மயக்கும் பொருள் ஒரு துளியும் இல்லை. ஆயினும் அந்தப் பாட்டில் இருக்கும் கொண்டாட்டம் வேறு எந்தக் குடிப் பாட்டுக்கும் குறைந்ததன்று. அதே பாட்டில் பரதவர் வெம்மை மிக்க மட்டினை உண்டு குரவை ஆடுகிறார்கள். புலவர் இரண்டையும் அருகருகே வைத்தார். ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தவில்லை.

மூன்றாவது, மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன் தேறல். திருமுருகாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் இதனைக் காண்கிறோம். முருகாற்றுப்படையில் குறவர் இதனைச் சுற்றத்தோடு உண்டு மகிழ்கிறார்கள். அந்தச் ‘சுற்றம்’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, ஏமாற்றியவை. யவனர் கப்பலில் வந்த தேறலை ஆவலோடு நெருங்கினேன். அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு வீலர் நடத்திய அகழாய்வில் மது கொணர்ந்த சாடிகளின் உடைசில்லுகள் கிடைத்தன. ஆகவே அது வெறுங்கற்பனை அன்று. புறநானூற்றின் ஐம்பத்தாறாம் பாட்டில் நக்கீரர் அதனைப் பாண்டியனுக்கு முன்னே வைக்கிறார். குளிர்ச்சி இருக்கிறது, மணம் இருக்கிறது, பொற்கலம் இருக்கிறது, வளையணிந்த மகளிர் ஊற்றித் தருகிறார்கள். ஆனால் உடனிருந்து பருகுவோர் எவரும் என் கண்ணுக்குத் தென்படவில்லை. மன்னன் தனியே பருகுகிறான். பாட்டு சிறப்பான பாட்டுத்தான். அந்தக் கலம்தான் எனக்கு உவக்கவில்லை.

அடுத்து, ஔவையே பாடிய மற்றொரு தேறல். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் புறநானூற்றின் 392ஆம் பாட்டில் அது வருகிறது. நாட்பட முதிர்ந்த அதன் கடுமைக்குத் தேளின் கடுப்பை உவமை சொல்கிறார். அதுவும் பொற்கலத்தில்தான் வருகிறது. புத்தாடையும் விருந்தும் உடன் வருகின்றன. நாவுக்கு இதைவிட உயர்ந்த மது ஏட்டில் இல்லை எனலாம். ஆனால், இதே ஔவை இவன் தந்தையின் கையால் பெற்ற கள்ளைப் பாடிய பாட்டின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். பொற்கலம் மங்கிவிடுகிறது.

அந்தப் பாட்டு, புறநானூற்றின் 235ஆம் பாட்டு. நீங்கள் அனைவரும் அறிந்தது. சிறிதளவே கள் கிடைத்தால் அதியமான் தான் உண்ணாமல் பாடுவோருக்குக் கொடுத்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் அவர்களைப் பாடச் சொல்லி உண்பித்து, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான் என்று ஔவை நினைவுகூர்கிறார். அந்தக் கள்ளின் நிறம் என்ன, மணம் என்ன, கடுமை என்ன என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அளவு மட்டும் சொல்லப்படுகிறது. கொடுத்த முறை சொல்லப்படுகிறது. ஓராண்டுத் தேடலின் முடிவில் எனக்கு மிக இனித்தது எது என்று கேட்டால், சுவையே சொல்லப்படாத இந்தக் கள்தான்.

வகுப்பில் இப்பாட்டைத் தொடங்கினால் பின்வரிசையில் சிரிப்பு எழும். ‘ஔவையாரே குடித்திருக்கிறார்’ என்று முணுமுணுப்பார்கள். முன்பெல்லாம் நானும் சேர்ந்து சிரித்துவிட்டு மேலே செல்வேன். இப்போது சிரிக்காதவர்கள் யார் என்று பார்க்கிறேன். பெரும்பாலும் பெண் பிள்ளைகள். மாலையில் அவர்கள் எந்த வீட்டுக்குத் திரும்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இப்பாட்டைக் கள்ளின் புகழ்ப்பாட்டாகக் கொள்வோர் அதில் வரும் ஓர் இடைச்சொல்லைக் கவனிப்பதில்லை. ‘மன்’ என்னும் இடைச்சொல் கழிவு, ஆக்கம், ஒழியிசை ஆகிய மூன்று பொருளில் வரும் என்பது தொல்காப்பியம். கழிவுப் பொருளுக்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டே இந்தப் பாட்டின் முதலடிதான். அஃதாவது, ‘அது கழிந்தது, இனி இல்லை’ என்பதே அச்சொல்லின் பொருள். ஔவை இங்கே குடியைக் கொண்டாடவில்லை. கொடுத்தவன் இல்லாமல் போனதற்கு அழுகிறார். அதற்கு முன்னுள்ள 232ஆம் பாட்டைப் பாருங்கள். அதியமானுக்கு நட்ட கல்லுக்குப் பீலி சூட்டிச் சிறிய கலத்தில் கள்ளை வார்க்கிறார்கள். ஒரு நாட்டையே கொடுத்தாலும் ஏற்காதவன் இதை ஏற்பானோ என்று கேட்கிறார். அன்று கொடுத்த கை இன்று கல்லாக நிற்கிறது.

நம் மாவட்டம் நடுகற்களின் மாவட்டம். தருமபுரி அகழ்வைப்பகத்தில் அவற்றை வரிசையாக வைத்திருக்கிறார்கள். செங்கம், தருமபுரிப் பகுதிகளின் நடுகற்கள் பலவற்றில் வீரனின் காலடியில் கெண்டியும் சிமிழும் செதுக்கப்பட்டிருக்கும். இக்கற்கள் சங்க காலத்துக்குப் பிற்பட்டவை. எனினும் அந்தக் கெண்டியைப் பார்க்கும்போதெல்லாம் ஔவையின் கேள்வி எனக்கு நினைவுக்கு வருகிறது.

‘ஔவை குடித்தார், நாங்கள் குடித்தால் என்ன?’ என்று கேட்போருக்கு ஒரு கணக்கும் சொல்ல வேண்டும். சங்கப் பாடல்கள் காட்டும் மதுவெல்லாம் புளிக்கவைத்தவை. கள்ளில் ஏறத்தாழ 5 விழுக்காடு சாராயச் சத்து இருக்கும். இன்று கடைப் புட்டியில் இருப்பது 42.8 விழுக்காடு. 180 மில்லி லிட்டர் கொண்ட ஒரு ‘குவார்ட்டர்’ புட்டியில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கள்ளின் சத்து அடங்கியிருக்கிறது. ‘பிராந்தி’ என்பது திராட்சையிலிருந்து வடிப்பதற்கு உரிய பெயர். நம் கடைகளில் அப்பெயரில் வருவதில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் ஊட்டியது. கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவை பாடியிருப்பதை எண்ணினால் நெஞ்சு வலிக்கிறது. அமிழ்தம் என்று பாடப்பட்ட கரும்பு எங்கே வந்து நிற்கிறது!

அக்கடை வாயிலில் ‘கட்டிங்’ என்றொரு வழக்கு உண்டு. முன்பின் அறியாத இருவர் ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு ஒரு புட்டியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பகிர்வுதான், ஆனால் பகிர்வது விலையை மட்டும். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. அன்று தோப்பி வீட்டிலே ஆனது. அகநானூறு அரியல் விற்கும் பெண்டிரைக் காட்டுகிறது. இன்று அந்த உலகத்தில் பெண்ணுக்குரிய இடம், நள்ளிரவுவரை கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் இடம் ஒன்றுதான்.

1937 அக்டோபர் முதல் நாள் சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். தருமபுரி அன்று அதன் பகுதி. பிறகு 1971இல் தமிழ்நாட்டில் விலக்குத் தளர்ந்ததும், மீண்டும் வந்ததும், 1987இல் கள் தடைப்பட்டதும், 2003இல் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே ஏற்றதும் நீங்கள் அறிந்த வரலாறு. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எந்தச் சட்டம் நல்லது என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கு வரவில்லை. என் கேள்வி இந்த அவையைப் பற்றியது.

இத்தேடல் எதனால் தொடங்கியது என்பதை முடிவில் சொல்வேன் என்றேன். இவ்வட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் முன்வரிசையில் அமர்ந்திருந்த கவிஞர் ஒருவரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெயர் வேண்டாம். கூட்டம் முடிந்ததும் நண்பர் சிலரோடு அவர் எங்கே செல்வார் என்பதும் நமக்குத் தெரியும். ஒருநாள் நான் மெல்லக் கண்டித்தபோது, ‘என்ன அம்மா, ஔவை குடிக்கவில்லையா?’ என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்தேன். இத்தனை ஆண்டு புறநானூறு நடத்திய நான், ‘மன்’ என்ற ஒரு சொல்லின் பொருளை அன்று அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குடி கவிஞனுக்கு அழகு என்று நாம் எல்லோருமே உள்ளுக்குள் ஒரு மூலையில் நம்பியிருந்தோம். இரண்டே ஆண்டுகளில் அவருக்கு இரங்கற்கூட்டம் நடத்தினோம். அன்று அவருடைய மனைவி கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். நாம் வாசித்த கவிதைகள் எதுவும் அவரைத் தேற்றவில்லை.

ஓராண்டு கழித்து என் விடையைச் சொல்கிறேன். ஔவை குடித்தார். ஆனால், தமக்கு இல்லாமல் அவருக்குக் கொடுத்த ஒருவன் இருந்தான். நம் நண்பருக்கு வாங்கிக் கொடுக்கப் பலர் இருந்தார்கள். ‘போதும்’ என்று சொல்ல நம்மில் ஒருவரும் இல்லை.

‘தேறல்’ என்ற சொல்லை முதலில் சொன்னேன். ‘தேறுதல்’ என்றால் தெளிதல் மட்டுமன்று. நோயிலிருந்து மீள்வதும் தேறுதல்தான், துயரத்திலிருந்து ஆறுவதும் தேறுதல்தான். வள்ளுவர் ஒருவரை ஆராய்ந்து நம்புவதையும் அச்சொல்லாலேயே குறிக்கிறார். நம்மிடையே இன்று தேற வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களைத் தனியே விட்டுவிடாமல் வீடுவரை உடன் நடக்கும் வழக்கத்தை இவ்வட்டம் தன் பதினோராம் ஆண்டில் மேற்கொள்ளுமானால், அதுவே நான் இந்த ஆண்டு சுவைத்தவற்றுள் சிறந்ததாக இருக்கும்.