தோல் ஷாப்பில் புழங்கும் ஆங்கிலம்



பள்ளிக்கூடத்தில் 'லாஸ்ட்' என்றால் கடைசி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் அது பாத வடிவில் செய்த அச்சு. 'அப்பர்' எனப்படும் மேல்பகுதியை அதன்மேல் இழுத்துப் பொருத்துவதுதான் 'லாஸ்டிங்'. 'ஹைட்' என்றால் ஒளிந்துகொள் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். தோல் மண்டியிலோ அது மாடு, எருமையின் கனத்த தோல். ஆட்டுத்தோலுக்கு 'ஸ்கின்' என்று பெயர். ரொட்டியின் மேலோட்டைக் குறிக்கும் 'கிரஸ்ட்' இங்கே, பதனிட்டு உலர்த்தி, மேற்பூச்சுக்குக் காத்திருக்கும் தோலைக் குறிக்கும்.

சில சொற்களுக்குள் ஊரின் வரலாறே கிடக்கிறது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் தோல் 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரோடு சீமைக்குக் கப்பலேறியது. 1858இல் கம்பெனி ஆட்சி ஒழிந்தது; 'ஈ.ஐ. லெதர்' என்ற பெயர் இன்றும் வியாபாரத்தில் ஒழியவில்லை. பிறகு குரோமிய உப்பு வந்தது. அதில் பதனிட்ட ஈரத்தோல் நீலம் பாரித்திருக்கும். அதுதான் 'வெட் புளூ'.

இந்தச் சொற்களுக்கு எந்த டியூஷனும் தேவைப்படவில்லை. தோலைத் தொட்டுத் தொட்டே தொழிலாளர்கள் இவற்றைக் கற்றார்கள். அந்த அறிவு எந்தப் பட்டத்துக்கும் குறைந்ததல்ல.

ஆனால் தொட்டுப் பார்த்துக் கற்கக் கூடாத சொற்களும் டேனரியில் உண்டு. டின்னில் 'கரோசிவ்' என்று எழுதியிருந்தால், பட்ட இடத்தை அரித்துவிடும் என்று பொருள். 'டாக்சிக்' என்றால் நஞ்சு. முடி நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்பைடில் அமிலம் கலந்துவிட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அது ஆளைக் கொல்லும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே என்று எச்சரிக்கையாவதற்குள், மூக்கு அந்த வாசனையை உணரும் திறனையே இழந்துவிடும்.

நீதிமன்றச் சொல்லும் அப்படித்தான்; தொட்டுப் பார்த்துக் கற்க முடியாது. டேனரிக் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 'பொல்யூட்டர் பேஸ்' கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும். கெட்ட மண்ணையும் நீரையும் சீர்செய்யும் செலவும் அவருடையதே. பாலாற்றங்கரையிலிருந்து எழுந்த அந்த வழக்கை நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். தீர்ப்பு என்ன சொன்னது என்பது, கிணறு கெட்ட விவசாயிக்கு அவர் மொழியில் கிடைத்தாக வேண்டும்.

ஆகவே ஒரு கோரிக்கை. டேனரிகளில் ரசாயன டின் இருக்கும் இடத்திலெல்லாம் அதன் எச்சரிக்கையைத் தமிழிலும் உருதுவிலும், வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்களுக்காக இந்தியிலும் வங்காளத்திலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கு, ஷிப்ட் தொடங்கும் முன் மேஸ்திரி அதை வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும்.