பழைய பந்தயச் சைக்கிள் வாங்கும்போது



ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் சிலருக்குப் பந்தயச் சைக்கிள்மீது ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். புதிய வண்டியின் விலையைக் கேட்டால், பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த பல மாதச் சம்பளம் அதற்கே போய்விடும். ஆகவே பழையதைத் தேடுகிறார்கள்.

முன்பெல்லாம் பழைய சாமான் என்றால் சுங்கை ரோடு சந்தைதான். தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். திருட்டுச் சந்தை என்றே அதற்குப் பெயர்! 2017 ஜூலை 10ஆம் நாளோடு அது மூடப்பட்டது. இப்போது வியாபாரம் பெரும்பாலும் கைப்பேசியில் நடக்கிறது. படத்தில் எந்த வண்டியும் புதிதாகத்தான் தெரியும். நேரில், பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் முன்பணம் அனுப்பக் கூடாது.

விலை கூடிய வண்டிகளின் பிரேம் கார்பன் இழையால் ஆனது. இரும்பு அடிபட்டால் நெளியும். நம் கண்ணுக்குத் தெரியும். கார்பன் அப்படியல்ல. மேலே ஒரு மயிரிழைக் கீறல்தான் இருக்கும், உள்ளே விரிந்திருக்கும். இறக்கத்தில் வேகமாகப் போகும்போது முன்கவை முறிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காசால் தட்டிப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக வந்தால் சந்தேகப்பட வேண்டும். தட்டிப் பார்த்ததை மட்டும் நம்பிவிடவும் முடியாது. விழுந்த வண்டி என்று தெரிந்தால், பழுது தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை வாங்காமல் இருப்பதே மேல்.

சங்கிலிக்குப் பிள்ளையின் பள்ளிக்கூட அடிக்கோல் போதும். ஒரு கண்ணிக்கு அரை அங்குலம். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் சங்கிலியோடு பற்சக்கரமும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம்.

பெடலுக்கு அடியில் பிரேம் எண் இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது சிங்கப்பூரில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வேலை அனுமதியோடு போயிருக்கும் பிள்ளைக்கு அந்த வம்பு எதற்கு?

இனி, யாரிடம் வாங்குவது? சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் கடையில் வாங்குவதே நல்லது என்போம். 2012 செப்டம்பர் 1 முதல் அங்கே நடப்பிலுள்ள சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கியபோதே அது இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியவர் கடைக்காரர். முதலில் பழுது பார்த்துத் தரக் கேட்கலாம், அது ஆகாவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். இயல்பான தேய்மானமும், வாங்கும்போதே நமக்குச் சொல்லப்பட்ட குறையும் இதில் சேரா. தனி ஆளிடம் வாங்கிய வண்டிக்கு இந்தச் சட்டம் துணை வராது.

கடைக்காரர் இழுத்தடித்தால், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் விசாரிக்கும். அங்கே வழக்கறிஞர் வைக்க இடமில்லை. நம் வழக்கை நாமே சொல்லலாம். அதற்கு ரசீது வேண்டும். கடைப் பெயர், தேதி, விலை ஆகியவற்றோடு பிரேம் எண்ணையும் அதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.