பிளான் போட்டவர் கையில் கரணை

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்: "படிச்சவங்களுக்கு ஏற்ற இடம் கல்லூரிதான். அரசியலுக்குப் போனா பாலும் கெடும், பாத்திரமும் கெடும்." முப்பது வருஷம் கரும்பலகையையே பார்த்தவர், வேற என்ன சொல்வார்! (சிரிப்பு)

நான் ஒருத்தரைச் சாட்சிக்குக் கூப்பிடுறேன். திரிகுணா சென். 1905-இல் பிறந்த வங்காளி. மெக்கானிக்கல் இன்ஜினியர், டாக்டர் பட்டம் ஜெர்மனியில். நம்ம பிள்ளைகளுக்கு நாமே கல்வி கொடுப்போம் என்று சுதேசிக்காரர்கள் 1906-இல் தொடங்கிய அமைப்பு, 1955-இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாக வளர்ந்து நின்றது. அதற்கு முதல் தலைவர் இவர். பிறகு கல்கத்தா மேயர். குழாய்க்கும் குப்பைக்கும் பதில் சொல்லணும்! அப்புறம் காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

இனிமேல்தான் கதை. நாட்டின் கல்வியை எப்படி மாற்றலாம் என்று பார்க்க 1964-இல் கோத்தாரி தலைமையில் ஒரு குழு போட்டார்கள். சென் அதில் உறுப்பினர். 1966-இல் அறிக்கை கொடுத்தார்கள். 1967-இல் இந்திரா காந்தி அம்மையார் அவரையே கல்வி அமைச்சராக்கிட்டார்!

வீடு கட்டினவங்களுக்குத் தெரியும். சுவர் விரிசல் விட்டா பிளான் போட்டவர், "நான் சரியாத்தான் போட்டேன், மேஸ்திரி கெடுத்துட்டார்" என்பார். மேஸ்திரி, "பிளானே கோணல்" என்பார். சென்னுக்கு அந்தச் சாக்கு கிடையாது. பிளான் போட்டவர் கையிலேயே கரணையைக் கொடுத்தாச்சு. (கைதட்டல்)

பல்கலைக்கழகப் பாடங்களை அந்தந்த மாநில மொழியில் நடத்தணும் என்று கிளம்பினார். என்ன ஆச்சு? கோத்தாரி குழுவை அமைத்தபோது கல்வி அமைச்சராக இருந்த சாக்ளா, இப்போ வெளியுறவு அமைச்சர். இதை எதிர்த்து 1967-இல் பதவியையே ராஜினாமா செய்தார். ஆனாலும் 1968 தேசியக் கல்விக் கொள்கையில் அது இடம்பெற்றது. அதே கொள்கையில் மும்மொழித் திட்டமும் இருந்தது. நமக்கு அது ஒத்துவரவில்லை. 1968 ஜனவரியிலேயே நம் சட்டமன்றம் இருமொழிதான் என்று தீர்மானம் போட்டுவிட்டது. இதையும் சொல்லித்தான் ஆகணும்.

1969-இல் கல்வித்துறை அவர் கையைவிட்டுப் போய், பெட்ரோலியம் வந்தது. "பார்த்தீங்களா, பாதியில விட்டுட்டார்" என்கிறார் எதிரணி நண்பர். உண்மைதான். தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 6 பங்கு கல்விக்கு என்றார்கள். அந்த ஆறு இன்றைக்கும் எட்டவில்லை. தமிழில் பொறியியல்? அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் தொடங்கவே 2010 ஆயிற்று.

ஆனா ஒண்ணு. பத்து, இரண்டு, மூணு என்று படிப்பை அடுக்கினது அந்த அறிக்கையும் அந்தக் கொள்கையும்தான். அது 1978-இல் நம்ம ஊருக்கு வந்தது, பி.யு.சி. போச்சு, பிளஸ் டூ வந்தது. ஜாதவ்பூரிலேயே அவர் இருந்திருந்தா ஜாதவ்பூர் பிள்ளைகளுக்கு நல்லது. எதிரணி நண்பரின் பேத்தி இந்த வருஷம் பிளஸ் டூ. பரீட்சைக்கு அவர்தான் தினமும் கொண்டுபோய் விடுறார். திரிகுணா சென் யாருன்னு அவருக்கு இன்னிக்குத்தான் தெரியும்! (பலத்த சிரிப்பு)

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே, உட்கார்ந்துடறேன்.