விக்கெட்டுக்குப் பின்னால் ஒரு குரல்



இலக்கிய உரைத் தொடர் ஒன்றில் கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழ் வாத்தியாருக்கு என்ன நடந்துவிட்டது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். எனவே முதலில் அந்த ஐயத்தைத் தீர்த்துவிட்டு விடயத்துக்கு வருகிறேன்.

நமது அகப்பாடல்களில் தலைவன், தலைவி, தோழி ஆகியோர் பேசுவது போலவே, கண்டோர் என்று சிலரும் பேசுவர். அவர்களுக்குப் பெயரில்லை; ஊரில்லை. வழியிலே நின்று கண்டதைச் சொல்வது மட்டுமே அவர்களுடைய வேலை. கலிங்கத்துப்பரணியை எடுத்துக்கொள்ளுங்கள். கலிங்கப் போரை நாம் நேரே பார்ப்பதில்லை. களத்தைக் கண்டு வந்த கூளி, காளிதேவிக்கு எடுத்துச் சொல்கிறது. அதைத்தான் நாமும் கேட்கிறோம். ‘காளிக்குக் கூளி கூறியது’ என்றே அப்பகுதிக்குப் பெயர். கண்டதைக் காணாதவருக்குச் சொல்லும் இந்தக் கலைக்கு இன்று நாம் நேர்முக வர்ணனை என்று வேறொரு பெயர் வைத்திருக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பிறந்தது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். யுத்த காலத்தில் எங்கள் ஊரில் மின்சாரம் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவின் உயிரில் வானொலி பேசும். சுற்றுபவர் களைத்தால் வர்ணனையும் களைத்துப் போகும். கடல் கடந்து வரும் சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார் போன்றவர்களின் தமிழ் வர்ணனையை அப்படித்தான் கேட்டோம். 1996 ஆம் ஆண்டு மார்ச் 17 ஆம் திகதி, லாகூரில் இலங்கை அணி உலகக் கிண்ணத்தை வென்றதையும் அப்படித்தான் கேட்டோம். காணாத மைதானத்தைச் சொல்லினால் கண்ட தலைமுறை எங்களுடையது. ஆகவே வர்ணனையாளர் என்றால் எனக்கு இன்றைக்கும் ஒரு தனி மதிப்பு.

இனி இன்றைய நாயகருக்கு வருவோம். சென்னையில் 1985 ஜூன் முதலாம் திகதி பிறந்த விக்கெட் காப்பாளர் தினேஷ் கார்த்திக் பற்றியே பேசப் போகிறேன். ஆடிய காலத்திலேயே ஒலிவாங்கியைப் பிடித்து, அதைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் ஆடப் போனவர் அவர்.

விக்கெட் காப்பாளரின் இடம் விசித்திரமானது. மற்றவர்களில் பெரும்பாலோர் துடுப்பாட்டக்காரரின் முகத்தையோ பக்கத்தையோ பார்த்து நிற்க, இவர் அவருடைய முதுகுக்குப் பின்னால் குந்தியிருப்பார். பந்துவீச்சாளரின் மணிக்கட்டு, துடுப்பாட்டக்காரரின் கால் அசைவு, களத்தில் உள்ள இடைவெளிகள் எல்லாம் இவருடைய கண்ணுக்கு நேரே விரியும். ஒவ்வொரு பந்தும் தன்னிடம் வரும் என்றே எண்ணித் தயாராக வேண்டும். பெரும்பாலான பந்துகள் வரமாட்டா. நூறு பந்தைப் பிடித்தால் எவரும் எழுதமாட்டார்கள். ஒன்றைத் தவறவிட்டால் மறுநாள் பத்திரிகையில் வரும்.

எங்கள் பகுதிக் கூத்து பார்த்தவர்களுக்கு இதை இன்னும் எளிதாக விளக்கலாம். வட்டக் களரியிலே மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியார் ஒரு காலத்தில் தாமும் ஆடியவர்தான். ஆடியவராதலால் அடுத்த அடி எது, எவன் தாளம் தப்பப் போகிறான் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். பார்த்துப் பழகிய கண்ணே அவருடைய மூலதனம்.

கார்த்திக்குக்கு அந்தக் கண் வாய்த்திருந்தது. காலம்தான் வாய்க்கவில்லை. 2004 செப்டெம்பர் மாதம் லோர்ட்ஸ் மைதானத்தில் தமது முதல் ஒருநாள் போட்டியிலேயே இங்கிலாந்துத் தலைவர் மைக்கல் வோனை மின்னல் வேகத்தில் ஸ்டம்ப் செய்து பேரெடுத்தார். நவம்பரில் மும்பையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதலாவது டெஸ்ட் போட்டி. வயது 19. இனி இருபது ஆண்டுகளுக்கு இந்தியாவுக்கு விக்கெட் காப்பாளர் கவலையில்லை என்று எவரும் சொல்லியிருக்கலாம். ஆனால், அதே ஆண்டு டிசெம்பர் 23 ஆம் திகதி இன்னொரு விக்கெட் காப்பாளர் இந்திய அணிக்குள் வந்தார். அவருடைய பெயர் மகேந்திர சிங் தோனி.

மீதியை நான் சொல்லத் தேவையில்லை. கார்த்திக் கெட்டுப் போகவுமில்லை, சோர்ந்து ஒதுங்கவுமில்லை. 2006 இல் இந்தியா ஆடிய முதலாவது சர்வதேச இருபது ஓவர் போட்டியின் ஆட்டநாயகன் இவர்தான். 2007 இல் இங்கிலாந்தில் இந்தியா டெஸ்ட் தொடரை வென்றபோது, ஆரம்பத் துடுப்பாட்டக்காரராக இறங்கி 263 ஓட்டங்கள் பெற்று, இந்திய அணியில் அதிக ஓட்டங்கள் எடுத்தவரும் இவரே. இருந்தும் 2010 ஜனவரியில் இழந்த டெஸ்ட் இடம் மீண்டும் கிடைத்தது 2018 ஜூனில். இடையிலே இந்தியா ஆடிய 87 டெஸ்ட் போட்டிகளில் அவர் இல்லை. மொத்தம் ஆடியவை 26 டெஸ்ட், 94 ஒருநாள், 60 இருபது ஓவர் போட்டிகள்.

இந்த நீண்ட காத்திருப்பின் நடுவே, நமது கொழும்பு மாநகரில் ஓர் இரவு வந்தது. 2018 மார்ச் 18 ஆம் திகதி, ஆர். பிரேமதாச மைதானம். இலங்கையின் எழுபதாவது சுதந்திர ஆண்டையொட்டி நடந்த சுதந்திரக் கிண்ணத் தொடரின் இறுதிப் போட்டி அது. இரண்டு நாட்களுக்கு முன் இலங்கை பங்களாதேஷிடம் தோற்று வெளியேறியிருந்தது. ஆகவே நம்மவர்கள் அன்று இந்தியாவுக்காகக் கரகோஷம் செய்தார்கள். 12 பந்துகளில் 34 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில் கார்த்திக் களம் புகுந்தார். தம்மை முன்னரே அனுப்பவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது என்பதை அணித்தலைவர் ரோஹித் சர்மா பிறகு சொன்னார். சந்தித்த முதற்பந்தே ஆறு ஓட்டம். அந்த ஓவரில் 22 ஓட்டங்கள். கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டங்கள் வேண்டும். பந்து தாழ்வாகப் பறந்து எல்லைக்கு அப்பால் விழுந்தது. 8 பந்துகளில் 29 ஓட்டங்கள். எட்டுப் பந்துகளுக்காக ஒரு மனிதர் பதினான்கு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

2021 ஆம் ஆண்டு அவர் வர்ணனைக் கூடத்துக்குப் போனார். சவுத்ஹாம்ப்டனில் நடந்த உலக டெஸ்ட் சம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில், ஆங்கிலத் தொலைக்காட்சிக்காகச் சுனில் கவாஸ்கரோடு சேர்ந்து பேசினார். அவர் பேசியது ஆங்கிலத்தில்தான். ஆனால் பேசிய முறை எனக்குப் பிடித்திருந்தது. நடந்ததைத் திரும்பச் சொல்லி நேரத்தைக் கடத்தவில்லை. ஏன் நடந்தது, அடுத்து என்ன நடக்கக்கூடும் என்று சொன்னார். இடையிடையே நகைச்சுவையும் வந்தது. விக்கெட்டுக்குப் பின்னால் குந்தியிருந்த கண்ணும், மேலதிக வீரராக வாங்கில் இருந்த கண்ணும் சேர்ந்து பேசின.

இது கார்த்திக் ஒருவருக்கு மட்டும் உரிய பண்பல்ல. நமது குமார் சங்கக்காரவும் விக்கெட் காப்பாளராக இருந்து வர்ணனைக்குப் போனவரே. 2019 இல் லோர்ட்ஸில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியின் கடைசிக் கணத்தை உலகுக்குச் சொன்ன நியூசிலாந்தின் இயன் சிமித், 63 டெஸ்ட் போட்டிகளில் ஆடிய விக்கெட் காப்பாளர். பனித்தரையில் ஆடும் ஐஸ் ஹொக்கியிலும் இதே கதைதான். பார்படோஸ் தீவிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய பெற்றோருக்கு 1975 இல் டொரன்டோவில் பிறந்த கெவின் வீக்ஸ், வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் ஏழு அணிகளுக்குக் கோல் காப்பாளராக ஆடி, 2009 இல் ஓய்வு பெற்று, அதே ஆண்டில் ஒலிவாங்கிக்கு முன் வந்தார். காப்பவர்கள் பேச்சாளர்களாவது தற்செயல் அன்று. பார்ப்பதே அவர்களுடைய தொழில்.

ஆனால், நேயர்களே, பந்துக்கும் சொல்லுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கை தவறிய பந்தைக் களத்தடுப்பாளர் ஒருவர் ஓடிப்போய் எடுத்து வரலாம். வாய் தவறிய சொல்லை எவரும் எடுத்து வர முடியாது.

2021 ஜூலை முதலாம் திகதி, நமது இலங்கை அணி இங்கிலாந்தோடு ஆடிய ஒருநாள் போட்டியில் கார்த்திக் வர்ணனை செய்தார். துடுப்பாட்டக்காரர்களுக்குத் தம்முடைய மட்டையைவிடப் பிறருடைய மட்டையிலேயே ஆசை என்று சொல்ல வந்தவர், அதை அடுத்த வீட்டுக்காரரின் மனைவியோடு ஒப்பிட்டுவிட்டார். பெண்ணைப் பொருளாக்கிய அந்த உவமைக்குக் கடும் கண்டனம் எழுந்தது. மூன்று நாள் கழித்து, அடுத்த போட்டியில், அதே ஒலிவாங்கியில் அவர் மன்னிப்புக் கேட்டார். தாம் சொன்னது சரியல்ல என்றார். தம் தாயும் மனைவியும் தம்மைக் கண்டித்ததையும் மறைக்கவில்லை.

கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்த காலம் அது. அச்செய்தியை வாசித்தபோது எனக்கு என் வகுப்பறை ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. 2012 ஆம் ஆண்டளவில் உயர்தர வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பாடசாலை அணியில் மூன்று ஆண்டுகளாக மேலதிக விக்கெட் காப்பாளன். ஒரு போட்டியிலும் இறக்கப்படவில்லை. ஒருநாள் நான் கலிங்கத்துப்பரணி நடத்திக்கொண்டிருக்க, அவன் யன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம். “பதினொரு பேருக்குள்ளும் இல்லை, பாடத்துக்குள்ளும் இல்லை. நீ எங்கேதான்டா இருக்கிறாய்?” என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நல்ல வசனம் ஒன்று சொல்லிவிட்டதாக நானும் மகிழ்ந்தேன். அதன்பின் அந்த ஆண்டு முடியும்வரை அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் செய்யவில்லை.

கார்த்திக் மீண்டும் ஆடப்போன கதையையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஐ.பி.எல். தொடரில் பெங்களூர் அணிக்காக 330 ஓட்டங்கள் குவித்தார். ஜூன் மாதம் ராஜ்கோட்டில், தமது 37 ஆவது வயதில், முதலாவது சர்வதேச இருபது ஓவர் அரைச்சதத்தைப் பெற்றார். அந்த ஆண்டு உலகக் கிண்ண அணியிலும் இடம் கிடைத்தது. அங்கே அவர் பெரிதாகச் சோபிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வர்ணனைக்குத் திரும்பினார், 2024 இல் ஓய்வை அறிவித்தார், பின்னர் அதே பெங்களூர் அணிக்குத் துடுப்பாட்டப் பயிற்றுநரானார். 2025 ஜூன் 3 ஆம் திகதி அந்த அணி முதன்முறையாகக் கிண்ணத்தை வென்றது. ஆட்டம், பேச்சு, கற்பித்தல் ஆகிய மூன்றுக்கும் அவரிடம் இருந்த முதல் ஒன்றே. அது பொறுமையோடு பார்த்தது.

அதே 2022 இல் ஒரு மாலை, கல்லடிப் பாலத்தருகே அந்த மாணவரைக் கண்டேன். கட்டாரில் வேலை, விடுமுறையில் வந்திருந்தார். சுகம் விசாரித்த பிறகு, “தம்பி, அண்டைக்கு வகுப்பில நான் உம்மைக் கேட்டது பிழை” என்றேன்.

“அதெல்லாம் எப்பவோ போன கதை சேர்” என்று சிரித்தார். கொஞ்ச நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்:

“ஆனா ஒண்டு சேர். அண்டைக்கு நான் பாடத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தன். அந்தக் கூளி சண்டையைச் சொன்ன மாதிரி, கிரவுண்டில நடக்கிறத மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தன்.”

நேயர்களே, கலிங்கத்துப்பரணியை அன்று அந்த வகுப்பில் சரியாக விளங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் நான் வாய்மூட வைத்தேன். மன்னிப்புக் கேட்டதால் என் மனச்சுமை ஓரளவு குறைந்தது உண்மை. அந்த ஓர் ஆண்டு வகுப்பில் அவர் பேசியிருக்கக்கூடியவை மட்டும் திரும்பி வரப்போவதில்லை.

இப்போதெல்லாம் யன்னலுக்கு வெளியே பார்க்கும் பிள்ளையிடம், “அங்கே என்ன நடக்கிறது? எங்களுக்கும் சொல்லும்” என்றுதான் கேட்கிறேன். சில பிள்ளைகள் நன்றாகவே சொல்கிறார்கள்.