கடையும் கணக்கும்



கணக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் உங்களிற் பலர் வானொலியை அணைத்துவிடலாமா என்று எண்ணுவீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்கு அந்த முகக்குறிப்புத் தெரியாதா? அஞ்ச வேண்டா. நான் இன்று பேசப்போவது இயற்கணிதமும் அன்று, வடிவ கணிதமும் அன்று. ஒரு சிறு கடையின் வரவு செலவைப் பற்றியே. இதற்குக் கூட்டலும் கழித்தலும் தெரிந்தாற் போதும். ஆனால் அவற்றை ஒரு நாளும் தவறாமல் எழுதி வரவேண்டும். தொல்லை அங்கேதான் இருக்கிறது.

என் தந்தையார் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருந்தார். நிறுவையில் ஒரு குன்றிமணி குறைத்தறியாதவர். விடியுமுன் கடை திறந்து, ஊர் அடங்கிய பின்னரே மூடுவார். கணக்கு மட்டும் எழுதமாட்டார். யாருக்குக் கடன் கொடுத்தோம் என்பதை ஓர் அட்டையிற் பென்சிலால் குறித்து வைப்பார், மற்றவையெல்லாம் மனத்திலேதான். காலையிற் பெட்டியிற் சில்லறை கிடக்கும். இரவில் நோட்டுகள் கிடக்கும். "இன்று நல்ல வியாபாரம்" என்பார். அந்த ஒரே பெட்டியிலிருந்து கடைக்குச் சரக்கும் வந்தது. வீட்டுக்குக் காய்கறியும் வந்தது. எனக்குப் புத்தகமும், தங்கைக்குப் பாவாடையும் வந்தன.

1975ஆம் ஆண்டு நான் பதினோராம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குச் சரக்குக் கொடுத்துவந்த மொத்த வியாபாரி ஒருநாள் ஆள் அனுப்பினார். பாக்கி 800 ரூபாய் ஆகிவிட்டது என்றும், அதைத் தீர்க்காமல் இனி மூட்டை வராது என்றும் சொல்லியனுப்பியிருந்தார். பத்தே மாதத்தில் ஏறிய பாக்கி அது. அதாவது மாதம் 80 ரூபாய் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. விற்பனை குறையவில்லை, ஊராருக்குக் கொடுத்த கடனும் முன்னிருந்த அளவிலேயே நின்றது. அப்படியானால் பணம் எங்கே?

கடையில் இருந்தவர் இருவர். ஒருவர் தந்தையார்; மற்றவன் பொட்டலம் கட்டுவதற்கென்று வைத்திருந்த பையன். என் வயதுதான் அவனுக்கும். சந்தேகம் அவன்மேல் விழுந்தது. "நான் எடுக்கவில்லை, முதலாளி" என்று ஒரே ஒரு முறை சொன்னான். அந்த மாதச் சம்பளம் 45 ரூபாயைக் கொடாமலே தந்தையார் அவனை அனுப்பிவிட்டார். நான் அருகில் நின்றுகொண்டிருந்தேன். அவன் எடுத்திருப்பான் என்றே நானும் நம்பினேன்.

எங்கள் தெருவில் ஒரு முதியவர் இருந்தார். இளமையில் இரங்கூனில் நகரத்தார் வட்டிக்கடை ஒன்றில் வேலை பார்த்து, 1942இல் போரின்போது ஊர் திரும்பியவர். அக்கடைகளிற் சிறு வயதிலேயே பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, எடுபிடி வேலையோடு கணக்கையும் பழகி, அடுத்தாளாக உயர்வது வழக்கம். கடல் கடந்த ஊரிலே முகவர் நடத்தும் கடையின் நிலையைச் செட்டிநாட்டில் இருந்தபடியே முதலாளி அறிந்துகொள்வதற்கு ஐந்தொகை என்னும் கணக்குத்தாள் உதவிற்று. அந்தப் பள்ளியிற் பயின்றவர் அவர். மொத்த வியாபாரியின் செய்தி அவர் காதுக்கும் எட்டிவிட்டது. கடைக்கு வந்து திண்ணையில் அமர்ந்து, "பையனை அனுப்பிவிட்டாய், கணக்கைப் பார்த்தாயா?" என்று கேட்டார். பார்ப்பதற்குக் கணக்கு ஏது? தந்தையார் விடை சொல்லவில்லை. முதியவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, ஒரு மாதம் நான் சொல்கிறபடி எழுது" என்றார்.

இரண்டு நோட்டுகள் வாங்கினோம். ஒன்று குறிப்பு. பிள்ளையார் சுழி இட்டு, தேதி எழுதி, அன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே அதில் எழுதவேண்டும். நாளைக்கு என்று ஒத்திப்போடக் கூடாது. மற்றொன்று பேரேடு. குறிப்பில் உள்ளதைப் பிரித்து, அவரவர் பெயருக்கும் அதற்குரிய இனத்துக்கும் தனித்தனிப் பக்கத்தில் ஏற்றுவது அது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் பேரேட்டில் இரண்டு இடத்தில் விழும். மொத்த வியாபாரியிடம் கடனுக்கு ஒரு மூட்டை சர்க்கரை வாங்கினால், அவர் பக்கத்தில் வரவு. சரக்குப் பக்கத்தில் அதே தொகை பற்று. இறுதியில் எல்லாப் பற்றையும் ஒருபுறமும் எல்லா வரவையும் மறுபுறமும் கூட்டினால் இரண்டும் ஒத்து நிற்கும்; ஒவ்வாவிட்டால் எங்கோ தவறு. வெனிசு நகர வணிகர் கையாண்ட இவ்வகை முறையை லூக்கா பாசியோலி என்ற இத்தாலியத் துறவி 1494இல் அச்சிட்ட தம் கணித நூலில் விளக்கியிருக்கிறார் என்பதைப் பின்னாளில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிற் படித்தபோது அறிந்து வியந்தேன். எனக்கு அது திண்ணையிலேயே கிடைத்துவிட்டது.

பேரேட்டில் முதியவர் முதலில் திறக்கச் சொன்ன பக்கம் எது தெரியுமா? 'வீடு' என்ற பக்கம். வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பிடி பருப்பும், பெட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அதிலே பற்று எழுதவேண்டும் என்றார். தந்தையார் சிரித்தார். "என் கடையில் நானே கடன்காரனா?" என்றார். "கடைக்கு நீயும் ஒரு வாடிக்கைக்காரன்தான், அதிலும் பணம் கொடுக்காத வாடிக்கைக்காரன்" என்றார் முதியவர்.

மாதத்தின் முதல் நாள் இருந்த சரக்கை நிறுத்து, கொள்விலைப்படி மதித்தோம், 1,150 ரூபாய். அம்மாதம் வாங்கியது 3,300. கடைசி நாளில் மீண்டும் நிறுத்தபோது எஞ்சியிருந்தது 1,060. ஆகவே கடையைவிட்டு வெளியேறிய சரக்கு 3,390 ரூபாய் மதிப்புடையது. அதில் வீட்டுக்கு வந்தது 190. மீதி 3,200 ரூபாய்ச் சரக்கை 3,600க்கு விற்றிருந்தோம். இலாபம் 400. வாடகை 40, வண்டிக்கூலியும் விளக்கும் காகிதமும் 35 போக, நின்றது 325. நல்ல கடைதான்! ஆனால் 'வீடு' என்ற பக்கத்தைக் கூட்டினேன். சரக்காக 190, கைக்காசாக, இரண்டும் ஐந்துமாக, 170. ஆக 360. கடை ஈட்டியதைவிட 35 ரூபாய் கூடுதலாக நாங்கள் உண்டிருந்தோம். பையனின் சம்பளம் 45 இல்லாத மாதம் அது. அதையும் சேர்த்தால் 80.

அந்த 80 என்ற எண்ணை எழுதிவிட்டு நான் பேனாவை மூடவில்லை. நோட்டைத் தந்தையார் பக்கம் நகர்த்தினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாட் காலையிற் கடை திறக்கவில்லை. பையன் வீட்டைத் தேடிப் போனார். அக்குடும்பம் பிழைப்புக்கு வேற்றூர் போய்விட்டது என்றும், எந்த ஊர் என்று தெரியாது என்றும் அண்டை வீட்டார் சொன்னார்களாம்.

உங்களிற் சிலருடைய பெற்றோர் தேநீர்க் கடையோ தையற் கடையோ நடத்தலாம். இப்போது பணம் கைப்பேசி வழியே வங்கிக்குச் சென்றுவிடுகிறது. ஒவ்வொரு வரவையும் வங்கி தானே குறித்துவைக்கிறது. பிறகு கணக்கு எதற்கு என்று கேட்கக்கூடும். வங்கியேடு பணம் வந்ததையும் போனதையும் மட்டுமே சொல்லும். கடனுக்குப் போன சரக்கு அதில் இராது. அலமாரியில் மிஞ்சிய துணி இராது. வீட்டுக்கு எடுத்த பால் இராது. வந்த 500 ரூபாய் விற்பனையா, பழைய பாக்கியா, மாமா அனுப்பிய கைமாற்றா என்பதும் அதற்குத் தெரியாது. 2017 சூலை முதல் நாளன்று சரக்கு சேவை வரி வந்தபோது, அதற்கென்று கணினியும் மென்பொருளும் வாங்கிய கடைக்காரர் சிலரை நான் அறிவேன். வரிக்கணக்கு ஒழுங்காய்ப் போயிற்று. வீட்டுப் பக்கத்தை மட்டும் அவர்கள் திறக்கவில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, இரவிற் பத்து நிமிடம். இதை உங்கள் தந்தைக்கோ தாய்க்கோ நீங்களே எழுதிக் கொடுக்கலாம். முதல் வாரத்தில் அவர்கள் சிரிப்பார்கள், எழுதிக்கொண்டே இருங்கள்.

பெட்டியிலிருந்து வீட்டுக்கு இவ்வளவுதான் என்று தந்தையார் ஒரு தொகை வைத்துக்கொண்டார். அம்மாவுக்கு அது எளிதாக இருந்ததென்று சொல்லமாட்டேன். மொத்த வியாபாரியின் பாக்கி தீர ஒன்றரை ஆண்டு பிடித்தது. அதன்பின் பேரேட்டைத் தந்தையாரே எழுதினார்.

அந்த முதற் பேரேட்டில் முதியவர் சொற்படி ஒரு பக்கம் திறந்திருந்தோம். பையன் பெயர், வரவு 45 ரூபாய். கடை அவனுக்குக் கொடுக்கவேண்டியது. ஆண்டுதோறும் சித்திரை முதல் நாள் புதுக்கணக்கு எழுதும்போது, பழைய பேரேட்டிலிருந்து இருப்புகளைப் புதியதற்கு மாற்றுவார் தந்தையார். முதலில் மாற்றுவது அந்த 45 ரூபாயைத்தான். 1991இற் கடையை மூடும்வரை இது நடந்தது. கடைசிப் பேரேடு என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் இன்னும் தீரவில்லை.